டோர்கெமாடா: வாசகர்களை ‘வதைத்த’ குறுக்கெழுத்து மன்னன்... கட்டங்களை நிரப்பிய கை யாருடையது?

ஞாயிற்றுக்கிழமை காலை. காபி, பேப்பர், பேனா. பக்கத்தைத் திருப்பி குறுக்கெழுத்துப் புதிரைப் பார்த்தால் முதல் குறிப்பே புரியவில்லை. இரண்டாவதும் புரியவில்லை. பத்து நிமிடம் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு, பக்கத்து அறையில் இருப்பவரைக் கூப்பிட்டு ‘இது என்னன்னு கொஞ்சம் பாரேன்’ என்று கேட்கத் தோன்றும்.

1926-ல் இருந்து 1939 வரை, பிரிட்டனில் ‘அப்சர்வர்’ வார இதழின் வாசகர்களை வாராவாரம் இப்படித் திணற வைத்தவர் ஒருவர். பெயர் டோர்கெமாடா. கிட்டத்தட்ட 13 ஆண்டுகளில் 670 புதிர்கள். இன்று ஆங்கில நாளிதழ்களில் வரும் ‘கிரிப்டிக்’ வகைக் குறுக்கெழுத்துக்கு வழி போட்டவர்களில் முதல் வரிசையில் வைக்கப்படும் பெயர் இது.

ஆனால் பேப்பரில் வந்தது ஒரு பெயர்தான். அந்தப் புதிர்களுக்குப் பின்னால் உழைத்தது இரண்டு பேர். அந்த இன்னொருவர் யார்? புதிர் உலகம் இன்னும் டோர்கெமாடாவை மறக்காமல் இருப்பது ஏன்? பார்ப்போம்.

யார் இந்த டோர்கெமாடா?

நிஜப் பெயர் எட்வர்ட் பொவிஸ் மேத்தர்ஸ். 1892 ஆகஸ்ட் 28 அன்று லண்டனின் ஃபாரஸ்ட் ஹில் பகுதியில் பிறந்தார். அப்பா பத்திரிகை நடத்தியவர். ஸ்காட்லாந்தின் லொரெட்டோ பள்ளியிலும், பிறகு ஆக்ஸ்ஃபோர்டின் டிரினிட்டி கல்லூரியிலும் படித்தார்.

புதிர் பக்கம் வருவதற்கு முன்பே அவருக்கு வேறொரு முகம் இருந்தது. அவர் கவிஞர், மொழிபெயர்ப்பாளர். ஆயிரத்தொரு இரவுகள் கதைகளை அரபியில் இருந்து மார்த்ரூ என்பவர் பிரெஞ்சுக்குக் கொண்டுபோயிருந்தார். அந்தப் பிரெஞ்சு வடிவத்தில் இருந்து ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தவர் மேத்தர்ஸ். 1923-ல் வெளியான அந்த மொழிபெயர்ப்பு இன்றும் அச்சில் இருக்கிறது.

நம்ம ஊர் பக்கமும் ஒரு தொடர்பு உண்டு. 11-ம் நூற்றாண்டில் வாழ்ந்த காஷ்மீரக் கவிஞர் பில்ஹணர், சமஸ்கிருதத்தில் ‘சௌரபஞ்சாசிகா’ என்ற காதல் கவிதை நூலை எழுதினார். இளவரசியைக் காதலித்த குற்றத்துக்காக மரண தண்டனை விதிக்கப்பட்ட கவிஞன், சாவுக்கு முன் அவளை நினைத்துப் பாடிய 50 பாடல்கள் என்பது இந்த நூலைச் சுற்றி வழங்கும் கதை. இதைத் தழுவி மேத்தர்ஸ் 1919-ல் ‘பிளாக் மேரிகோல்ட்ஸ்’ என்ற தலைப்பில் ஆங்கிலத்தில் எழுதினார். பிற்பாடு அமெரிக்க எழுத்தாளர் ஜான் ஸ்டெய்ன்பெக், 1945-ல் வந்த தன் ‘கேனரி ரோ’ நாவலில் அந்த வரிகளைப் பயன்படுத்தினார்.

சொற்களை இன்னொரு மொழியின் சட்டைக்குள் நுழைக்கத் தெரிந்த ஆள் புதிர்க் கட்டத்துக்குள் வந்தால் என்ன ஆகும்? அதுதான் அடுத்து நடந்தது.

குறுக்கெழுத்து அப்போது எப்படி இருந்தது?

குறுக்கெழுத்தின் பிறப்பு 1913 டிசம்பர் 21. ‘நியூயார்க் வேர்ல்டு’ பத்திரிகையில், லிவர்பூலில் பிறந்த ஆர்தர் வின் என்பவர் வைர வடிவில் ஒரு கட்டம் போட்டார். 1924-ல் முதல் குறுக்கெழுத்துப் புத்தகம் அமெரிக்காவில் வெளியாகி சக்கைப்போடு போட்டது. அந்த ஜுரம் அட்லாண்டிக்கைத் தாண்டி பிரிட்டனுக்கும் வந்தது.

ஆனால் அந்தக் காலத்துக் குறிப்புகள் ரொம்ப நேரடியானவை. அகராதியைத் திருப்பிப் போட்ட மாதிரி இருக்கும். பொருள் கொடுப்பார்கள், நாம் சொல் எழுத வேண்டும். அவ்வளவுதான்.

மேத்தர்ஸுக்கு இது போர் அடித்தது. யோசனை பிடித்திருந்தது, குறிப்பு பிடிக்கவில்லை. அதனால் தன் நண்பர்கள் சேர்ந்து விளையாடுவதற்காக, குறிப்பையே விடுகதை ஆக்கி ஒரு புதிரை அமைத்தார். நட்பு வட்டத்துக்காக ஆரம்பித்த விளையாட்டு, 1925-ல் ‘சாட்டர்டே வெஸ்ட்மின்ஸ்டர் கெஸட்’ இதழில் அச்சேறியது. அடுத்த ஆண்டே ‘அப்சர்வர்’ அழைத்துக்கொண்டது.

‘கிரிப்டிக்’னா என்ன? ஒரு சின்ன உதாரணம்

தமிழிலேயே பார்ப்போம். சாதாரணக் குறுக்கெழுத்தில் ‘கல்விக் கடவுள் (5)’ என்று குறிப்பு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சரஸ்வதியா, கலைமகளா? இரண்டுமே ஐந்தெழுத்து. குறுக்கே வரும் சொல் கிடைக்கும் வரை முடிவு சொல்ல முடியாது.

இப்போது அதையே இப்படிக் கொடுத்தால்?

ஆண் மானுக்குப் பிறந்த பெண், கையில் வீணையோடு (5)

முதலில் காடு, மான், குட்டி என்று மனசு எங்கேயோ ஓடும். ஆனால் குறிப்பு இரண்டு துண்டாக இருக்கிறது. ‘கையில் வீணையோடு’ என்பது பொருள். ‘ஆண் மானுக்குப் பிறந்த பெண்’ என்பது சொல்லைக் கட்டும் வழி. ஆண் மானுக்குக் கலை என்று ஒரு பெயர் உண்டு. பிறந்த பெண் மகள். கலை + மகள் = கலைமகள். சரஸ்வதிக்கு இடமே இல்லை.

கிரிப்டிக் குறிப்பின் அழகு இதுதான். விடை தெரியும் வரை ஏமாற்றும், தெரிந்த பிறகு சந்தேகமே வைக்காது. நேரடிக் குறிப்புகளை முழுசாகத் தூக்கிவிட்டு, எல்லாக் குறிப்புகளையும் இப்படி மறைபொருளாகவே கொடுத்த முதல் ஆள் என்று மேத்தர்ஸைச் சொல்வது வழக்கம்.

கட்டத்தையும் அவர் மாற்றினார். கறுப்புக் கட்டங்களை நீக்கிவிட்டு, சொல் முடியும் இடத்தில் தடித்த கோடு போட்டார். இதனால் ஒரு சொல்லின் நிறைய எழுத்துகள் குறுக்கே வரும் சொற்களோடு சந்திக்கும். குறிப்பு கடினமாக இருந்தாலும், பக்கத்துச் சொல் கை கொடுக்கும்.

அது என்ன அப்படி ஒரு பெயர்?

டோர்கெமாடா என்பது 15-ம் நூற்றாண்டு ஸ்பெயினில் மத விசாரணை மன்றத்தின் தலைமை விசாரணையாளராக இருந்தவரின் பெயர். சித்திரவதைக்கும் தண்டனைக்கும் பேர்போன பெயர். வாசகர்களை வதைப்பதுதான் என் வேலை என்று மேத்தர்ஸ் வைத்துக்கொண்ட வேடிக்கைப் பெயர் அது.

பெயருக்கு ஏற்ற மாதிரிதான் புதிர்களும். ஷேக்ஸ்பியர், பைபிள், பழைய பாடல்கள், யாரும் படிக்காத கவிதைகள் என்று எங்கிருந்து வேண்டுமானாலும் சொல் வரும். சில புதிர்களில் குறிப்புகள் முழுக்க எதுகையோடு கூடிய ஈரடிச் செய்யுள்களாக இருக்கும். சிலவற்றில் எல்லா விடைகளும் ஒரே கருப்பொருளைச் சுற்றி வரும்.

கருப்பொருள் புதிர்... ஏன் பல தலைகள் தேவை?

நதிகள் என்று கருப்பொருள் வைத்து ஒரு புதிர் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கருப்பொருள் நதி என்று எங்கேயும் எழுதியிருக்காது. ஒருவர் எப்படியோ வைகையைக் கண்டுபிடித்து எழுதுகிறார். இன்னொருவர் கீழ்ப்பக்கத்தில் பாலாறு என்று எழுதுகிறார். இரண்டையும் சேர்த்துப் பார்த்த மூன்றாவது ஆளுக்குப் பொறி தட்டும். அதற்குப் பிறகு பூட்டிக் கிடந்த பாதிக் குறிப்புகள் தானாகத் திறக்கும்.

தனியாக உட்கார்ந்தாலும் இதைச் செய்யலாம். ஆனால் தனி ஆள் தப்பான ஒரு பாதையைப் பிடித்துவிட்டால், அதிலேயே சுற்றிக்கொண்டிருப்பார். அதே குறிப்பைப் புதுக் கண் ஒன்று பார்த்தால், மானை விட்டுவிட்டு வீணையைப் பார்க்கும். டோர்கெமாடாவின் புதிர்களுக்கு பைபிள் தெரிந்தவர் ஒருவர், கவிதை தெரிந்தவர் ஒருவர், சொற்களைக் கலைத்து அடுக்கத் தெரிந்தவர் ஒருவர் என்று ஆள் இருந்தால் வேலை பாதியாகக் குறையும்.

சரி, தீர்ப்பதற்கே இத்தனை தலை வேண்டும் என்றால், உருவாக்குவதற்கு?

கட்டத்தை நிரப்பியது யார்?

இங்கேதான் ரோசமண்ட் வருகிறார். மேத்தர்ஸின் மனைவி.

மேத்தர்ஸ் முதலில் கருப்பொருளைத் தேர்ந்தெடுப்பார். அதற்குப் பொருந்தும் சொற்களைப் பட்டியல் போடுவார். அந்தப் பட்டியல் ரோசமண்ட் கைக்குப் போகும். அந்தச் சொற்களை ஒன்றுக்குள் ஒன்று கோத்து, கட்டமாக்கித் தருவது அவர் வேலை. நிரம்பிய கட்டம் மறுபடி மேத்தர்ஸிடம் வரும். அதற்குப் பிறகு அவர் குறிப்புகளை எழுதுவார்.

கட்டம் நிரப்புவது என்ன பெரிய வேலை என்று தோன்றலாம். ஒரு முறை முயற்சி செய்து பார்த்தால் தெரியும். சொற்கள் சந்திக்கும் கட்டத்தில் இருக்கும் எழுத்து இரண்டு எஜமானர்களுக்கு வேலை செய்ய வேண்டும். இடமிருந்து வலமும் சொல்லாக வர வேண்டும், மேலிருந்து கீழும் சொல்லாக வர வேண்டும். புள்ளிக் கோலத்தில் ஒரு இழை தப்பினால் மொத்தத்தையும் அழித்துப் போடுகிற மாதிரி, ஒரு மூலையில் ஒரு சொல்லை மாற்றினால் எதிர் மூலை வரைக்கும் கலையும்.

இஷ்டத்துக்குச் சொல் போடலாம் என்றாலாவது பரவாயில்லை. கருப்பொருள் புதிரில் சொற்கள் முன்கூட்டியே முடிவாகி வந்துவிடும். மேத்தர்ஸ் போட்ட கோட்டுக் கட்டத்தில் எழுத்துகள் சந்திக்கும் இடங்களும் அதிகம். கணினி கிடையாது. பென்சில், ரப்பர், பொறுமை. வாரம் ஒரு கெடு. இந்த வேலை 13 ஆண்டுகள் நடந்தது.

வாசகர்கள் திட்டியதும் கொண்டாடியதும் டோர்கெமாடா என்ற பெயரைத்தான். ‘அப்சர்வர்’ பக்கத்தில் ரோசமண்டின் பெயர் இல்லை. குறிப்பு எழுதுபவரின் சாமர்த்தியம் கண்ணுக்குத் தெரியும். கட்டம் போட்டவரின் உழைப்பு, அது சரியாக இருக்கும்போது யார் கண்ணிலும் படாது. இந்த விஷயத்தில் கட்டம், வீட்டு வேலை மாதிரி.

100 பக்கம், 6 கொலை: உலகின் கடினமான புதிர்

டோர்கெமாடா என்ற அதே பெயரில் ‘அப்சர்வர்’ இதழில் துப்பறியும் நாவல்களுக்கு விமர்சனமும் எழுதினார் மேத்தர்ஸ். வாராவாரம் கொலைக்கதை படிப்பவர், வாராவாரம் புதிர் போடுபவர். இரண்டையும் ஒன்றாகக் கலந்தால்?

1934-ல் ‘டோர்கெமாடா புதிர்ப் புத்தகம்’ வெளியானது. அதன் கடைசிப் பகுதியின் தலைப்பு ‘காயீனின் தாடை எலும்பு’. பைபிளில் வரும் முதல் கொலையாளி காயீன். அவன் தன் தம்பி ஆபேலை ஒரு தாடை எலும்பால் அடித்துக் கொன்றான் என்று ஒரு பழைய நம்பிக்கை உண்டு. அதாவது உலகின் முதல் கொலை ஆயுதம்.

அது 100 பக்கக் கொலைக்கதை. ஆனால் பக்கங்கள் வரிசை மாறி அச்சடிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு பக்கமும் முழு வாக்கியத்தோடு ஆரம்பித்து முழு வாக்கியத்தோடு முடியும் என்பதால், வாக்கியத்தை வைத்து அடுத்த பக்கத்தைப் பிடிக்க முடியாது. வாசகர் சரியான வரிசையைக் கண்டுபிடித்து, கொலையான ஆறு பேர் யார், கொன்றவர்கள் யார் என்று சொல்ல வேண்டும். 100 பக்கங்களை எத்தனை விதமாக அடுக்கலாம் தெரியுமா? அந்த எண்ணிக்கை 158 இலக்கம் கொண்டது.

15 பவுண்ட் பரிசு அறிவிக்கப்பட்டது. 1935-ல் இரண்டு பேர் சரியாக விடை கண்டுபிடித்ததாக அறிவித்தார்கள். எஸ். சிட்னி-டர்னர், டபிள்யூ.எஸ். கென்னடி. இதில் முதலாமவர், வர்ஜீனியா உல்ஃபின் ப்ளூம்ஸ்பரி நண்பர் குழுவில் இருந்த சாக்ஸன் சிட்னி-டர்னர். பிரிட்டிஷ் நிதித்துறையில் வேலை பார்த்தவர்.

வென்றவர்கள் பெயர் வந்தது. விடை வரவில்லை. அது இன்று வரைக்கும் பொதுவில் அச்சாகவில்லை.

46 வயதில் முடிந்த ஆட்டம்

1939 பிப்ரவரி 3 அன்று மேத்தர்ஸ் இறந்துபோனார். வயது 46. சில மாதங்களில் இரண்டாம் உலகப்போர் தொடங்கியது.

‘அப்சர்வர்’ புதிரை நிறுத்தவில்லை. டி.எஸ். மக்நட் என்ற பள்ளி ஆசிரியர் அந்த இடத்துக்கு வந்தார். அவர் வைத்துக்கொண்ட பெயர் ஸிமெனீஸ். அதுவும் ஸ்பெயினின் ஒரு விசாரணையாளர் பெயர்தான். அவருக்குப் பிறகு 1972-ல் வந்தவர் அஸெட். டெஸா என்ற இன்னொரு விசாரணையாளரின் பெயரை ஆங்கிலத்தில் பின்னாலிருந்து எழுதினால் வரும் பெயர் அது. ஒரு வேடிக்கைப் பெயர், பரம்பரையாகவே ஆகிவிட்டது.

ஆனால் ஸிமெனீஸ் ஒரு விஷயத்தில் டோர்கெமாடாவிடம் இருந்து விலகினார். டோர்கெமாடாவின் குறிப்புகள் சில சமயம் நியாயமே இல்லாமல் இருக்கும். ஒரு அரைகுறைச் சாடை, ஒரு மங்கலான இலக்கியக் குறிப்பு, அதோடு முடித்துவிடுவார். ஸிமெனீஸ் அதற்கு விதி போட்டார். பொருள் ஒன்று இருக்க வேண்டும், சொல்லைக் கட்டும் வழி ஒன்று இருக்க வேண்டும், தேவையில்லாதது எதுவும் இருக்கக் கூடாது. 1966-ல் இதைப் புத்தகமாகவே எழுதினார். இன்றைய கிரிப்டிக் புதிர்களில் பெரும்பாலானவை இந்த விதியைச் சுற்றித்தான் நடக்கின்றன. மேலே பார்த்த கலைமகள் குறிப்பும் அந்த விதிப்படி போட்டதுதான்.

அதாவது, ஆட்டத்தை உருவாக்கியவர் ஒருவர். அதை நியாயமான ஆட்டமாக மாற்றியவர் இன்னொருவர்.

80 ஆண்டுகளுக்குப் பிறகு...

தாடை எலும்பு மறக்கப்பட்டுக் கிடந்தது. இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் ஷாண்டி ஹால் என்ற வீடு இருக்கிறது. நாவலாசிரியர் லாரன்ஸ் ஸ்டெர்ன் வாழ்ந்த இடம், இப்போது அருங்காட்சியகம். அங்கே டோர்கெமாடா புத்தகத்தின் ஒரு பிரதி வந்து சேர்ந்தது. விடையைத் தேடி அவர்கள் வெளியில் கேட்டுப் பார்க்க, கடைசியில் அதுவும் கிடைத்தது. 2019-ல் இந்தக் கதை மட்டும் தனியாக, கலைத்து அடுக்க வசதியாக 100 அட்டைகளாக மறுபதிப்பு ஆனது. பரிசு 1,000 பவுண்ட்.

2020-ல் சரியான விடையை அனுப்பியவர் ஒரே ஒருவர். நகைச்சுவை எழுத்தாளர் ஜான் ஃபின்னிமோர். கொரோனா ஊரடங்கில் வீட்டில் அடைபட்டுக் கிடந்தபோது, அட்டைகளை வீட்டுக் கட்டிலில் பரப்பி வைத்துப் பல மாதங்கள் உட்கார்ந்தார். அவர் சும்மா ஆள் இல்லை, அவரே கிரிப்டிக் குறுக்கெழுத்து அமைப்பவர்.

2021-ல் அமெரிக்கப் பெண் ஒருவர் தன் அறைச் சுவர் முழுக்க இந்தப் பக்கங்களை ஒட்டி டிக்டாக்கில் வீடியோ போட்டார். புத்தகம் கடைகளில் தீர்ந்துபோனது. மறுபடி அச்சடிக்க வேண்டியதாயிற்று. 1934-ல் வந்த ஒரு புதிரை, ஒருவரை ஒருவர் பார்த்தே இராத ஆயிரக்கணக்கானவர்கள் சேர்ந்து குடைய ஆரம்பித்தார்கள். நண்பர்கள் கூடி விளையாட ஆரம்பித்த ஆட்டம், சுற்றி வந்து அதே இடத்தில் நின்றது.

ரோசமண்ட் சொன்னது எப்போது?

கட்டம் போட்டது ரோசமண்ட் என்பது நமக்கு எப்படித் தெரியும்? அவரே பதிவு செய்துவிட்டுப் போனதால்தான்.

1942-ல், போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், ‘டோர்கெமாடா: சிறந்த 112 குறுக்கெழுத்துப் புதிர்கள்’ என்ற தொகுப்பு வெளியானது. அதில் கணவரைப் பற்றி ரோசமண்ட் ஒரு கட்டுரை எழுதினார். அவர் எப்படி யோசிப்பார், வாராவாரம் புதிர் எப்படி உருவாகும், யார் எந்த வேலையைச் செய்தார்கள் என்பதெல்லாம் வெளியே வந்தது அப்படித்தான். அந்தக் கட்டுரை இல்லை என்றால், 670 புதிர்களும் ஒரே ஆளின் கணக்கில்தான் இருந்திருக்கும்.

இன்றும் குறுக்கெழுத்து வரலாற்றில் டோர்கெமாடா என்றால் மேத்தர்ஸின் படம்தான் வரும். குறிப்புகள் அவருடையவை, அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தக் குறிப்புகளுக்கான விடைகளை வாசகர்கள் எழுதி நிரப்பிய கட்டங்களை, அவர்களுக்கு முன்பே ஒருமுறை நிரப்பிப் பார்த்தவர் ரோசமண்ட்.